மூலைத் தொட்டிக்கு எடுத்த அளவு

அக்கா வீட்டுக்காரரான மாமா தோட்டக்காரராக இருந்த துரை பங்களாவின் கூடத்து மூலையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. முக்கோணத் தொட்டி. இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி நிற்கும். முன்கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு மீன்கள். அதைக் கண்ட நாளிலிருந்து மாமாவுக்கு வேறு நினைப்பில்லை. தசராவுக்குப் பொம்மை வைக்கும் எங்கள் அறை மூலையிலும் அப்படி ஒன்று நிற்க வேண்டும். பொம்மை பார்க்க வருவதாகத் துரைசானியே சொல்லிவிட்டாராம்.

தேவராஜ மொஹல்லாவில், சந்தைக்குப் பின்னால், மண்சுவரும் ஓட்டுக்கூரையுமாக இரண்டே அறை கொண்ட வீடு. கொள்ளேகால் பக்கத்திலிருந்து படிக்க வந்த நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதால் தொட்டியின் கணக்கு என் தலையில் விழுந்தது. பொம்மை அறையில்தான் அக்காவின் கட்டிலும் கிடந்தது. அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. நடமாட்டம் கூடாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். பின்சுவரை ஒட்டித் தலைவைத்து நாள் முழுக்கப் படுத்திருப்பாள்.

மூலை செங்கோணமாக இருந்தால் கணக்கு எளிது. சுவரோரம் இரண்டிரண்டு அடி என்றால் முன்கண்ணாடி முப்பத்து நான்கு அங்குலம். செங்கோணம்தானா என்று பார்க்க, பக்கச்சுவரில் மூன்றடியும் பின்சுவரில் நான்கடியும் அளந்து, கீழேயும் மேலேயும் புள்ளி வைத்தேன். புள்ளிகளுக்கு நடுவே ஐந்தடி இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு மூங்கில் சிம்பைச் சரியாக ஐந்தடிக்கு நறுக்கினேன். தரையோரம் அது இரண்டு புள்ளிகளையும் தொட்டது. தொட்டியின் விளிம்பு வரக்கூடிய இடுப்புயரத்தில் ஒன்றரை அங்குலம் எட்டவில்லை.

“பின்சுவர் நடுவில் வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கிறது” என்றேன்.

அக்கா படுத்தபடியே சிரித்தாள். “செவுத்துக்கும் வயிறு தள்ளிருச்சா கண்ணு? எனக்குத் தொணையாக்கும்!”

“அதுக்கென்ன மாப்ளே, கோணலுக்குத் தக்கன கணக்குப் போடு. படிச்சது எதுக்கு?” என்றார் மாமா.

போட்டேன். சைன் அட்டவணையைப் புரட்டி, கோணம் தொண்ணூற்று மூன்று பாகை, கண்ணாடி முப்பத்தைந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு என்று கண்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தையில் தகர வேலை செய்கிறவர் அந்தக் கோணத்துக்கே இரண்டு தகரப் பக்கங்களையும் பற்றவைக்க ஒப்புக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. பின்சுவருக்கு வெளியே சந்தில் தண்ணீர் வடியாமல் நின்றது. தசரா வருகிறதே என்று மாமா வழக்கம்போல விரிசல்களில் களிமண்ணை அப்பி, மேலே இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தார். அறை பளிச்சென்று ஆகிவிட்டது. குறை சொல்லக் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

தொட்டி வந்தது. பக்கச்சுவரில் ஒட்டி நின்றது, பின்சுவரோடு சேரவில்லை. இடையில் விரல் நுழைந்தது. சுண்ணாம்பில் மறைந்த புள்ளிகளை மறுபடி அளந்து வைத்து, சிம்பை நீட்டிப் பார்த்தேன். மூன்று அங்குலம் எட்டவில்லை.

“மூங்கில் காஞ்சு சுருங்கிப்போச்சு” என்றார் மாமா.

“இந்த அடைமழையில காயுதாக்கும்?” என்றாள் அக்கா.

மறுபடியும் கணக்கு. தொண்ணூற்று ஆறு பாகை. தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். “மத்தே ஜாஸ்தியா, ஸ்வாமி?” என்றார் தகரக்காரர், மறுபடியும் கூடிவிட்டதா என்று. உங்கள் வீட்டு மூலை என்ன, வளர்கிற மூலையா என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பாதி வழியில் என் சிரிப்பு நின்றுவிட்டது. நானும் மாமாவும் தொட்டியையே திருத்திக்கொண்டிருந்தோம். மாறிக்கொண்டிருந்தது தொட்டி இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், “அக்கா இந்த அறையில் படுக்கக் கூடாது மாமா. சுவர் நகருது” என்றேன்.

அவர் முகம் கறுத்தது. “நெறமாசக்காரி காதுல உழுகற பேச்சாடா இது? இந்த நேரத்துல அவளெ அடுத்த ஊட்டுல கொண்டுபோயி உட்டா ஊரு என்ன பேசும்? உன்ர கணக்குத் தப்பு.”

சிம்பை அவர் கையிலேயே கொடுத்தேன். ஒரு முனையைப் புள்ளியில் ஊன்றி மறுமுனையை நீட்டினார். எட்டவில்லை. உடம்பைச் சாய்த்து அழுத்தினார், அழுத்தினால் மூங்கில் நீளும் என்பதுபோல. பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். திரும்பியபோது என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “எந்திரி புள்ளே” என்றார்.

எதிர்வீட்டு அம்மாள் கூடத்தில் இடம் ஒதுக்கித் தந்தார். மறுநாள் மழை விட்டது. பளீரென்று வெயில். ஓடுகளிலிருந்து ஆவி எழுந்தது. தெருவில் எல்லோருக்கும் முகம் தெளிந்திருந்தது, மாமாவுக்கும்தான். “வெயிலு வந்துருச்சு. செவுரு காஞ்சா கெட்டியாயிரும். வா, போலாம்.”

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். “போலாமா தம்பி?”

எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் என் கணக்குக்குத் தெரியும். எப்போது என்பது தெரியாது. சிம்பை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். அறைக்குள் கால் வைப்பதற்கு முன்பே கேட்டது, முறத்திலிருந்து தானியம் சரிகிற சத்தம். மூலையில் சுண்ணாம்புப் பூச்சு மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. நனைந்த சுவர் வெயிலில் சுருங்க, பிளவு வழியாக மண் நிற்காமல் உதிர்ந்துகொண்டிருந்தது. அளக்கவில்லை. எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

“வேண்டாம்க்கா. உட்காரு.”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்சுவர் சந்துப் பக்கமாகச் சரிந்தது. சத்தம் பெரிதாக இல்லை, யாரோ மூட்டையை இறக்கியது போல இருந்தது. அதன்பிறகுதான் கூரை, ஓடும் உத்தரமுமாக, உள்ளே இறங்கியது.

புழுதி அடங்கியபோது வாசல் வழியாகக் கட்டிலின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “உள்ள உதைக்குது” என்றாள்.