மறுகா வாறம்

நான் ஒரு மடையன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும். சாதாரண மடையனும் இல்லை, கையில் மணிக்கூடு கட்டிய மடையன். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கம்பி அடித்த ஒரு சின்ன அறைக்குள் இருந்துகொண்டு கல்முனை பஸ், வாழைச்சேனை பஸ், கொழும்பு பஸ் என்று ஊரில் உள்ள எல்லோரையும் நேரத்துக்கு அனுப்பி வைத்தேன். என் சொந்த வீட்டு ஆட்களை ஒரே ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஆறு வருடம் பிந்தியது. அதற்குள் போய்ப் பார்க்க வேண்டிய ஆள் இல்லாமல் போய்விட்டார்.

அந்த ஆள் என் மனைவியின் அக்கா. என் மகளுக்குப் பெரியம்மா. தொண்ணூறாம் ஆண்டு வன்செயலில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து வள்ளமேறி, தமிழ்நாட்டில் மண்டபத்து அகதி முகாமில் இறங்கியவர். பிள்ளைகள் இல்லை. என் மகள் பிறந்தது அவர் போன பிறகு. புகைப்படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. முகாமுக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. அந்தக் கடைக்கார அம்மாதான் அவருக்கு எழுதிக் கொடுப்பதும் வாசித்துக் காட்டுவதும். எங்கள் கடிதங்களும் அந்தக் கடை முகவரிக்குத்தான் போகும். அங்கிருந்து வருகிற எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றேதான்: பிள்ளையை எப்போது கண்ணில் காட்டுவீர்கள்?

சண்டை ஓய்ந்து, பாதைகள் திறந்து, சோதனைச் சாவடியில் நிற்பவன்கூட பஸ்ஸுக்குக் கை காட்டிய காலம் ஒன்று வந்தது. அப்போது மகளுக்கு எட்டு வயது. கடவுச்சீட்டு எடுத்தோம், விசாவும் கிடைத்தது. மார்கழிப் பள்ளி விடுமுறையில் போவதென்று தீர்மானம். இனி டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. மற்ற மனிதர்களாக இருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். நான் டைம்கீப்பர் அல்லவா? திட்டம் போட்டேன்.

தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். கார் இல்லை, வான் இல்லை, எல்லாம் பஸ்ஸும் ரயிலும்தான் என்பது என் கொள்கை. வேறு வழியில்லாததால் வானூர்தியை மட்டும் பெரிய மனதோடு அனுமதித்தேன். மகளுக்கு பஸ்ஸில் ஏறினால் வாந்தி, நாங்கள் சத்தி என்போம். ஏறாவூர் தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். ஆகவே ஒரேயடியாக ஓட முடியாது. விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எந்த இடத்தில் இறங்கினால் கழிவறை இருக்கும், எந்த இடத்தில் தோடம்பழம் வாங்கி முகரக் கொடுக்கலாம், சொப்பிங் பேக் எத்தனை கொண்டுபோவது என்றெல்லாம் நிரல் போட்டேன். வேளாங்கண்ணியிலும் ஒரு நிறுத்தம். மனைவிக்கு அங்கே மாதாவிடம் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மாமாங்கேஸ்வரரிடம் கும்பிட்டுவிட்டு மாதாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

நான் சொல்ல மகள்தான் எழுதினாள். எங்கள் பக்கத்தில் 'மறுகா' என்று ஒரு சொல் இருக்கிறது. 'அதற்கு அடுத்தது' என்றாலும் மறுகாதான், 'பிறகு பார்க்கலாம்' என்றாலும் மறுகாதான். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு, “மறுகா எங்க அப்பா?” என்பாள். திருச்சி என்பேன். “மறுகா?” தஞ்சாவூர். “மறுகா?” வேளாங்கண்ணி. “மறுகா?” மண்டபம், பெரியம்மா. அந்த இடத்தில் மட்டும் அவள் பென்சிலை வைத்துவிட்டு ஒரு பஸ்ஸும் பக்கத்தில் ஒரு பெண்ணும் கீறினாள். பெண் பஸ்ஸை விடப் பெரிது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுகா மதுரை, மறுகா பழனி என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். “எப்ப போற?” என்று அவள் கேட்டால் மட்டும் என் பதில் ஒன்றுதான். மறுகா.

முதல் கடிதத்தில் பெரியம்மாவுக்குப் பெருமையாக எழுதினோம். வெள்ளி இரவு வேளாங்கண்ணியில் தங்குவோம், சனிக்கிழமை பின்னேரம் நான்கு நாற்பதுக்கு மண்டபத்தில் பஸ்ஸால் இறங்குவோம். நான்கரை மணியளவில் என்று எழுத எனக்குக் கை வராது.

கெட்டது எங்கே என்றால், தஞ்சாவூரில். தல யாத்திரை போய் வந்த ஒருவர் கொண்டுவந்த பழைய நேர அட்டவணைப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. முன் அட்டை இல்லை, எந்த வருடத்தது என்றும் தெரியாது. எனக்கு அது வேதம். அதன்படி நாங்கள் தஞ்சாவூரில் இறங்கும்போது வேளாங்கண்ணி பஸ் புறப்பட்டு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அடுத்ததற்கு இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டும். அதை நானே மறைத்து வைத்திருந்தேன். ஒருநாள் கொப்பியை வாங்கிப் பார்த்த கல்முனை பஸ் கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டான்.

“அண்ணன், ரெண்டு மணித்தியாலம் புள்ளய வெச்சிக்கிட்டு தஞ்சாவூர்ல என்ன செய்யப் போறீங்க, கடலை விக்கயா?”

ஸ்டாண்டே சிரித்தது. டீக்கடைக்காரரும் சிரித்தார். எனக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்குப் போய், திட்டத்தில் ஓட்டை இருக்கிறது, சித்திரை விடுமுறையில் ஓட்டை இல்லாமல் போகலாம் என்று அறிவித்தேன். மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், மறுபடி மீனைப் பார்த்தாள். மகள் கொப்பியை மூடிவிட்டு, “அப்ப பெரியம்மா பாத்துக்கிட்டு நிப்பாவே” என்றாள்.

அதுவும் சரிதான் என்று ஒரு வான்கடிதம் வாங்கி வந்தேன். நான் சொல்ல அவள் எழுதினாள். என்ன சொன்னேன்? தஞ்சாவூர் பஸ் பற்றிச் சொன்னேன். அது எத்தனை மணிக்கு, நாங்கள் எத்தனை மணிக்கு, இடையில் எத்தனை நிமிடம், இதில் என் பிழை ஏதும் இல்லை என்பதற்கான விளக்கம். பேப்பர் முழுக்கத் தஞ்சாவூர். கடைசியில் மடிக்கிற ஓரத்தில் ஒரு விரல் அகலம்தான் மிஞ்சியது. “ஆகவே சனிக்கிழமை வரக் கிடைக்காது” என்று எழுதி முடித்துவிட்டு மகள் கேட்டாள்:

“எப்ப வாற எண்டு போடட்டா, அப்பா?”

“இடமில்ல புள்ள. மறுகா வாறம் எண்டு போடு.”

போட்டாள். எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. நான் நாக்கால் ஈரமாக்கி ஒட்டினேன்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை கடல் வந்ததைப் பற்றி இங்கே பெரிதாக எழுதப் போவதில்லை. எங்களை விட இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச வேண்டிய விசயம் அது. எங்கள் வீடு அமிர்தகழியில், வாவிப் பக்கம். தண்ணீர் இடுப்பளவு வந்து, நின்று, போய்விட்டது. கொப்பி ஊறிக் கூழாகிவிட்டது. நாங்கள் மூவரும் உயிரோடு இருந்தோம். நான் மூன்று வாரம் ஸ்டாண்டிலேயே கிடந்தேன். சாமான் ஏற்றவும் ஆள் ஏற்றவும் பஸ் அனுப்பிக்கொண்டிருந்தேன், முதல் தடவையாக நேரம் பார்க்காமல். இந்தியாவுக்கு ஒரு சேதி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் இங்கே இருக்கிறோம், அவர் அங்கே இருக்கிறார், இதில் சேதி என்ன?

மூன்றாவது வாரம் சந்திக் கடைக்கு ஒரு தொலைபேசி வந்தது. பெரியம்மா. மனைவி ஓடிப்போய் எடுத்தாள். “எல்லாரும் ஊட்டதான் இரிக்கம் அக்கா, ஊட்டதான் இரிக்கம்” என்று, வீட்டில்தான் இருக்கிறோம் என்பதை, இவள் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அந்தப் பக்கம் அழுகை மட்டும்தானாம். மட்டக்களப்பை நினைத்து அழுகிறார் என்று நாங்கள் முடிவெடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு சித்திரை வந்தது, போனது. சண்டை திரும்பியது. பாதைகள் மூடின. மூடாத நாட்களும் இருந்தன, அதை ஒப்புக்கொள்கிறேன். புதுக் கொப்பி வாங்கி முதலிலிருந்து திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் இப்போது எழுதித் தருவதில்லை, நானே எழுதினேன். பெரியம்மா காய்ச்சலில் படுத்து ஒரு கிழமையில் போய்விட்டார் என்ற சேதியும் அதே சந்திக் கடைக்குத்தான் வந்தது. மனைவி அன்று அந்தக் கொப்பியை எடுத்து அடுப்படிப் பரணில் வைத்தாள். எரிக்கவில்லை. எரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சண்டை முடிந்து அடுத்த வருடம் நானும் மகளும் போனோம். மனைவி வரவில்லை. போய் ஒரு விளக்குக் கொளுத்திவிட்டு வாருங்கள் என்றாள். மகளுக்குப் பதினாலு வயது. சத்தி வருவது நின்றுவிட்டிருந்தது. நான் பழக்கதோசத்தில் சொப்பிங் பேக்குகளை மடித்துக் கொண்டுபோனேன். கொப்பியையும்தான்.

தஞ்சாவூரில் இறங்கினோம். புதுப் பஸ் நிலையம். ஒருவரிடம் போய், வேளாங்கண்ணிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். நாகப்பட்டினம் பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று போகிறது, அங்கே இறங்கி மாறினால் ஆயிற்று என்றார். பழைய நாளிலும் இப்படியா என்று கேட்டேன். அவருக்கு நினைவு தெரிந்த நாளாய் இப்படித்தானாம். மகள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. கடலை விற்றுக்கொண்டு போன ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு பொட்டலம் வாங்கினேன். அந்தக் கண்டக்டர் அங்கே நின்றிருந்தால் நன்றாகச் சிரித்திருப்பான்.

வேளாங்கண்ணியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு மண்டபம் வந்து சேர்ந்தோம். கடை அப்படியே இருந்தது. முன்னால் ஒரு மரப் பெஞ்சு. கடைக்கார அம்மா மெலிந்த, வெற்றிலை போடுகிற மனுசி. நாங்கள் யார் என்று சொன்னதும் சோடா உடைத்துத் தந்தார். நான் என் வழக்கப்படி ஒரு பகிடி விட்டேன்: ஆறு வருடத்துக்கு முன்னால் வர வேண்டியது, எங்கள் பஸ் கொஞ்சம் லேட். அவர் சிரிக்கவில்லை.

“தெரியும். இந்தப் பெஞ்சிலதான் உக்காந்திருந்துச்சு அக்கா” என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் இரண்டாவது கடிதம் அந்தச் சனிக்கிழமை காலையில்தான் கிடைத்திருக்கிறது. இந்தக் கடைக்கார அம்மாதான் வாசித்திருக்கிறார். தஞ்சாவூரில் பஸ் தவறும், சனிக்கிழமை வரக் கிடைக்காது, அதற்குப் பிறகு ஒரு சொல். நெருக்கி எழுதின சின்னப்பிள்ளை எழுத்து. மறுகா என்று ஒரு சொல் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளை பிழையாக எழுதிவிட்டது என்று நினைத்து, 'மறுநாள் வாறம்' என்று வாசித்துக் காட்டியிருக்கிறார். பெரியம்மா ஞாயிறு விடியவே குளித்து, சேலை மாற்றி, பிள்ளைக்கென்று ஒரு பை தோடம்பழத்தோடு வந்து பெஞ்சில் இருந்திருக்கிறார். மண்டபத்தில் கடல் ஒன்றும் செய்யவில்லை. மத்தியானத்துக்குப் பிறகுதான் வேளாங்கண்ணிச் சேதி வந்தது.

முதல் கடிதத்தின்படி வெள்ளி இரவு வேளாங்கண்ணி; ஒரு நாள் பிந்தினால், சனி இரவு நாங்கள் அங்கேதான் தங்கியிருக்க வேண்டும்.

பெரியம்மா அன்றே பஸ் ஏறியிருக்கிறார். பதினேழு நாள். ஆஸ்பத்திரிகளிலும், கிடத்தி வைத்த இடங்களிலும், புகைப்படம் ஒட்டிய சுவர்களிலும் புகைப்படத்தில் மட்டும் பார்த்த ஒரு பிள்ளையைத் தேடியிருக்கிறார். திரும்பி வந்த அன்று யாரோ சொல்லித்தான் எங்கள் சந்திக் கடைக்குப் பேசிப் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து, எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னாராம். ம, று, கா. கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாராம்.

“ஊருக்கு எழுதிரவான்னு கேட்டேன். வேணாம்னுருச்சு. புள்ள எழுதினது, அதுக்குத் தெரியக்கூடாதுன்னுச்சு” என்றார் கடைக்கார அம்மா. சொன்ன பிறகுதான் என் மகளை ஏறிட்டுப் பார்த்தார். வயதைக் கணக்குப் போட்டிருப்பார். வெற்றிலையை மெல்லுவது நின்றது.

மகள் சோடாப் போத்தலைக் கீழே வைத்தாள். எழுதினது அவளாக இருக்கலாம், சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். தஞ்சாவூரைப் பற்றி ஒரு பக்கம் சொல்லத் தெரிந்த வாய்க்கு, அந்த ஒரு வரி வரவில்லை.

முகாமின் பின்பக்கம் அவரைப் புதைத்த இடத்தில் விளக்குக் கொளுத்தினோம். காற்றில் இரண்டு முறை நூர்ந்தது. மூன்றாம் முறை மகள் இரண்டு கைகளாலும் மறைத்துப் பிடித்துக்கொண்டு, அது எரிந்து தீரும்வரை குந்தியிருந்தாள். திரும்பி வந்து அதே பெஞ்சில் இருந்தோம். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கக்கூடிய இடம் விட்டு இருந்தாள்.

ஏதாவது பேச வேண்டும். பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது, அது என் இன்னொரு மடத்தனம். பைக்குள் கையை விட்டுக் கொப்பியை எடுத்தேன். மதுரைப் பக்கத்தைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆறு இருபதுக்கு ஒரு பஸ் இருக்கிறது, விட்டால் ஏழு ஐந்துக்கு என்றேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவள் கேட்ட மாதிரியே, அவள் குரலை வைத்து, நான் கேட்டேன்:

“மறுகா எங்க, புள்ள?”

“மறுகா ஊட்ட.”