வேரில் ஒட்டிய செம்மண்

எங்கள் கீரை நன்றாக விற்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

ஈப்போவில் ஞாயிறு காலைகளில் கூடும் பாசார் தானி என்னும் உழவர் சந்தையில் நானும் என் மனைவியும் கடை போடத் தொடங்கியது இந்த ஆண்டு, பங்குனி உத்திரம் கழிந்த வாரம். முதலில் பாதிக் கீரை வீட்டுக்கே திரும்பி வந்தது. பிறகு அவள் தண்டுக்கீரையை அறுக்காமல் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறாமல் கட்டி அடுக்கினாள். மற்ற கடைகளில் வேர் நறுக்கிக் கழுவிய கீரை. எங்கள் மேசையில் ஈரச் செம்மண். காலையில் பறித்தது என்று நாங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. சித்திரை முடிவதற்குள், வெயில் ஏறும் முன்பே எல்லாம் தீர்ந்துபோகத் தொடங்கியது.

அந்த மண் எங்களுடையது அல்ல. பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம் அது. அவள் பிறந்த லயத்து வரிசை வீடுகளை இடித்து, மரங்களை வெட்டி, நிலத்தை வீடு கட்டும் நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். மாரியம்மன் கோயிலும் அதன் தண்ணீர்க் குழாயும் மிஞ்சின. கோயிலை ஒட்டிய மேட்டில் அவள் பாத்தி கட்டியிருந்தாள். அத்துமீறி நுழையக் கூடாது என்று மலாயில் எழுதிய பலகையைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். என் வேலை நின்றபின் எங்களுக்கு இருந்த ஒரே பிழைப்பு அந்த மேடு.

ஆடியில் ஒருவர் வந்தார். முழுக்கைச் சட்டை, வெயிலில் கறுத்த கழுத்து, நம் தமிழ் ஆள். ஒரு கீரைக்கட்டை எடுத்து வேரை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"தோட்டம் எங்கக்கா?"

"வீட்டுக்குப் பின்னாலதான்."

"ஈப்போவுலயா? இங்க எல்லாம் ஈயம் தோண்டுன மணல்லா. இம்புட்டு செவப்பு ஏது?"

அவள் கீரையைப் பையில் போட்டு நீட்டினாள். அவருடைய பிக்கப் வண்டியின் பின்புறம் சிவப்புத் தலை முளைக்குச்சிகளும் நிலம் அளக்கும் முக்காலியும் கிடந்ததை நான் பார்த்தேன்.

மறுவாரம் வேரை நறுக்கச் சொன்னேன். கழுவி அடுக்கினோம். வழக்கமாக வாங்கும் சீன அம்மா புரட்டிப் பார்த்து, பழைய கீரையா என்று மலாயில் கேட்டு, வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் வாழைப்பழம் விற்கும் பெண் என்னைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் அங்கிட்டுப் போய் நில்லுங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தே கீரை வாடுதுலா," என்றாள். அன்று பாதி மீந்தது. அடுத்த வாரம் மண்ணோடுதான் என்று மனைவி முடிவாகச் சொன்னாள்.

மண் திரும்பியது, கூட்டமும் திரும்பியது. விநாயகர் சதுர்த்திக்கு முந்திய வெள்ளிக்கிழமை பாத்தி ஓரத்தில் சிவப்புத் தலை முளைகள் நின்றன. ஒன்று பயற்றங்கொடிகளுக்கு நடுவே. கொடியை ஒடிக்காமல் ஒதுக்கிவிட்டு அடித்திருந்தார்கள். அந்தக் கவனம்தான் என்னை இன்னும் கலங்கவைத்தது. யாரோ நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஞாயிறு போக வேண்டாம் என்றேன். போகாவிட்டால்தான் சந்தேகம் வரும் என்று அவள் எப்போதையும்விட அதிகமாகப் பிடுங்கினாள். அவ்வளவும் விற்றது. சாப்பாட்டுக்கடைக்காரர் ஒருவர், தீபாவளி கழிந்ததும் தமக்கு வாராவாரம் வேண்டும் என்றார். அவள் தலையாட்டினாள். மேசையில் ஒரே கட்டு இருந்தபோது முழுக்கைச் சட்டைக்காரர் வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கோயில் கொழா சொட்டிக்கிட்டே இருந்துச்சுக்கா. நாந்தான் மூடுனேன்."

அவள் கடைசிக் கட்டைப் பையில் போட்டபடி கேட்டாள். "யார்கிட்டயாச்சும் சொல்லிட்டீங்களா?"

"நான் அளக்குறவன். அவ்ளோதான். தீபாவளி முடிஞ்சு புல்டோசர் வரும். அதுக்கு மேல நிக்கிற மாதிரி ஒண்ணும் நடாதீங்க."

"கோயிலு?"

அவர் காசை மேசையில் வைத்தார். கீரையை வாங்கிக்கொண்டு போனார்.

இதை எழுதும்போது புரட்டாசி முடியப்போகிறது. பயற்றங்கொடியைப் பிடுங்கிவிட்டோம், சீக்கிரம் வளரும் கீரை மட்டும் நிற்கிறது. சாப்பாட்டுக்கடைக்காரர் போன ஞாயிறும் நினைவூட்டினார். அவளால் இன்னும் அவரிடம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மேட்டுக்குப் போகும் காலைகளில், பலகையைத் தாண்டியதும் வண்டியை மெதுவாக்குகிறேன். வளைவில் கோயில் கோபுரம் இன்னும் நிற்கிறதா என்றுதான் நாங்கள் இருவரும் முதலில் பார்க்கிறோம்.