ஸ்ரீரங்கத்தில் யாரும் இல்லை

மகள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு போனில் யாருடனோ மல்லுக்கட்டுகிறாள். டேட்டாபேஸிடம் ஒரே பெரிய கேள்வியாகக் கேட்பதா, சின்னச் சின்னதாகப் பிரித்துக் கேட்பதா என்பதுதான் தகராறு. சாம்பார் ஆறிக்கொண்டிருக்கிறது. எனக்கு என்னவோ செருப்பு ஞாபகம் வந்தது.

சொன்னால் சிரிப்பீர்கள். எண்பதுகளில் திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வெல்டர்கள் வெந்துகொண்டிருப்பார்கள். உள்ளே மெஷினுக்கு வேர்க்கக் கூடாது என்று ஏ.சி. போட்டிருப்பார்கள். ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்கு இந்த ஆசாரமெல்லாம் புதிதாகத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கம் என்றேன் அல்லவா, வம்பே அங்கேதான் ஆரம்பம். காலை ஷிஃப்டுக்கு அங்கிருந்து கம்பெனி பஸ் கிடையாது. டவுன் பஸ்ஸில் காவிரியைத் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். என்னோடு நிற்பவர் வரதன், அடுத்த தெருக்காரர், வெல்டர். மனைவி படுத்த படுக்கை. "நேர் பஸ் விட்டான்னா அரைமணி மிச்சம். அவளுக்குக் கஞ்சியக் குடுத்துட்டு நிதானமா கெளம்புவேன்" என்பார் தினமும்.

ஒருநாள் அதற்கும் வழி பிறந்தது. புது பஸ் ஒன்று வருகிறது, ஸ்ரீரங்கத்துக்கு விடுவதா, கே.கே. நகருக்கா? ஸ்ரீரங்கத்திலிருந்து காலை ஷிஃப்டுக்கு வருகிற, கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைக்காத ஆட்கள் எத்தனை பேர் என்று போக்குவரத்து அதிகாரி எங்களைக் கேட்டார். குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடிபோனவர்களுக்கும் எங்களிடம் பழைய விலாசம்தான் இருக்கும். விலாசம் ஒரு ஃபைலில், ஷிஃப்ட் ஒன்றில், குவார்ட்டர்ஸ் இன்னொன்றில்.

"மூணா பிரிச்சுக் கேக்கலாம் சார். ஆளு எந்த எடத்துல கொறையறாங்கன்னாவது தெரியும்" என்றார் பிலோமினா. பாலக்கரைக்காரர், எனக்குப் பக்கத்து நாற்காலி.

பிரிவுத் தலைவருக்கு அது கௌரவக் குறைச்சல். "பின்ன மெஷின் எதுக்கு? ஒரே கேள்வி, ஒரே பதில்" என்றார். ஒரு முழுப் பக்கத்துக்குக் கேள்வி எழுதினோம். அதன் அழகில் எனக்கே கொஞ்சம் கிறுக்குப் பிடித்திருந்தது. மெஷின் காலை முழுக்க யோசித்தது. மற்ற வேலையெல்லாம் அப்படியே நின்றது. கடைசியில் பதில் வந்தது. பூஜ்யம்.

தலைவர் அதைப் பெருமையோடு எடுத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து யாருமே வரலையா?" என்றார் அதிகாரி.

"நான் ஸ்ரீரங்கம்தான் சார்."

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லலையே" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மத்தியானம் பிலோமினா பிரித்துக் கேட்டார். முதலில் ஸ்ரீரங்கத்து ஆட்கள், அப்புறம் அவர்களில் காலை ஷிஃப்ட். இரண்டிலும் வரதன் இருந்தார், நானும் இருந்தேன். மூன்றாவதில் குட்டு உடைந்தது. குவார்ட்டர்ஸ் ஃபைலில் வீடு கிடைத்தவர்கள் மட்டும்தான் உண்டு. நாங்களோ மூன்று ஃபைலிலும் இருக்கிற ஆளைத் தேடியிருக்கிறோம். வீடு கிடைக்காத அத்தனை பேரும் அங்கேயே உதிர்ந்துவிட்டார்கள். அந்த ஃபைலில் இருப்பவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு பஸ் நிறைய ஆள்.

"காலையில ஒருத்தரும் இல்லேங்கறீங்க, இப்ப பஸ் கொள்ளாதுங்கறீங்க. மொதல்ல சொன்னதே இருக்கட்டும்" என்றார் அதிகாரி. பஸ் கே.கே. நகருக்குப் போனது. அவர் வீடும் அங்கே இருந்தது தற்செயல் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வரதனிடம் சொன்னேன். "சரி, விடுங்கோ" என்றார். அடுத்த ஐப்பசியில் அவர் மனைவி போய்விட்டார். அதற்குப் பிறகும் சத்திரத்தில் நின்றோம். அவர் மட்டும் பஸ் தாமதமானாலும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது, இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

அந்த மெஷினை எடைக்குப் போட்டுவிட்டார்கள். குளிர்ந்த அறை இப்போது பழைய நாற்காலிகள் போடும் இடமாம், செருப்போடு போகலாமாம். பிலோமினா மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். வரதன் இல்லை. நான் ஓய்வு பெற்றாயிற்று. மற்றவர்களும் ஓய்வு பெற்றோ, ஊர் மாறியோ போய்விட்டார்கள்.

மகள் போனை வைத்துவிட்டுக் கேட்கிறாள், "ஏம்ப்பா, ஒண்ணா கேக்கறதா, பிரிச்சுக் கேக்கறதா?"

அன்று சத்திரத்தில் நின்ற எங்களைப் பற்றி இனி எப்படிக் கேட்டாலும் பூஜ்யம்தான் வரும். மெஷின் சொன்ன பதில் சரியாவதற்குக் கொஞ்சம் காலம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.