நாற்காலியோடு வெளியேற்றப்பட்டவனின் புகார்

படிப்பக நண்பர்களின் பார்வைக்கு, இந்தப் பலகையில் ஒட்டப்படுவது:

1. இன்று, சனிக்கிழமை மாலை, நம் ராயபுரம் டெண்டுக் கொட்டகையில் ஆங்கிலப் படத்துக்குத் தமிழில் கதை சொல்ல நின்றவர், அந்தப் படத்தை முன்பு பார்த்ததே இல்லை.

2. படத்தில் ஊரார் வீண் சந்தேகத்தில் அடித்துக் கொல்லப் பார்க்கும் வழிப்போக்கனைக் காட்டி, "இவன்தான் புள்ள புடிக்கிறவன்" என்று அவர் அறிவித்தார்.

3. தரை டிக்கெட்டு முழுவதும் ஊராரோடு சேர்ந்துகொண்டது. "வுடாத மாமு, போடு."

ஆங்கிலம் அறிந்தவன் என்ற கடமையால் நான் எழுந்து, "அவன் நிரபராதி" என்றேன்.

"இன்னா சார், உனுக்கு சொந்தக்காரனா?" என்றார் மணலில் அமர்ந்திருந்த மீனவர் ஒருவர்.

"தோஸ்தா இருக்கும்பா. இவரும் கூட்டாளிதான்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

விசாரணை அவ்வளவுதான்.

"நாற்காலிக்குக் காசு குட்துகீறாரு. நாற்காலியோட தூக்கு" என்று தீர்ப்பாயிற்று. நால்வர் என்னைச் சேதமின்றிச் சுமந்து, வெளியே கடற்காற்றில் வைத்துவிட்டுப் படம் பார்க்கத் திரும்பினர்.

படம் முடிந்ததும் அதே மீனவர் கண் கலங்கி வந்து நின்றார். "சார், நீ சொன்னதுதான் கரீட்டு. பாவம், அவன் ஒண்ணுமே பண்ல. தப்பிச்சி வந்து அத்தினி பேரையும் ஒரு கை பாத்தான் பாரு."

"எப்படி?" என்றேன்.

"அத்த வாயால சொல்ல முடியாது சார். பாக்கணும்."

நாளை படம் மாறுகிறது. ஆகவே, பார்த்தவர் எவராயினும், அவன் பழிவாங்கிய முறையைப் புதன்கிழமை மாலைக்குள் எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

எனக்கு அது அவசரமாகத் தேவைப்படுகிறது.