புது ஹாரன் அடித்த காலை

பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போன காரை விற்றுப் பல வருடமாகியும், அந்தப் பிள்ளைகளின் தெருப்பக்கம் போனால், அவர்கள் 'கார் அக்கா' என்று கூப்பிட்ட அவளுக்கு ஹாரன் மாற்றியதுதான் நினைவுக்கு வரும்.

பழைய ஹாரன் சளி பிடித்த ஆடு மாதிரி கத்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுவும் நின்றுபோயிற்று. கணவரை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டு, அவள் பானெட்டைத் திறந்தாள். ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. ஹாரனுக்கு வரும் வயரைக் கழற்றி டெஸ்ட் பல்பை வைத்தாள்.

"அமுக்குங்க."

பல்ப் எரிந்தது. பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தும் ஹாரன் மூச்சுவிடவில்லை.

"வயர்ல கோளாறு இல்ல. ஹாரனே போச்சு."

"என்னை மாதிரி அதுவும் உன்கிட்ட வாயடைச்சுப் போச்சு" என்றார் கணவர்.

கடையில் புதியது வாங்கி அவளே மாட்டினாள். கணீரென்று அடித்தது.

மறுநாள் காலை, முதல் வீட்டு வாசலில் இரண்டு முறை அடித்தும் யாரும் வரவில்லை. இறங்கிப்போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ஒரு சிறுமி பையை மாட்டிக்கொண்டு, ஷூவோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வேற யாரோ கார்னு நெனச்சேன்க்கா."

எல்லா வீட்டிலும் இதே கதைதான். அதுவரை கேட்டை மட்டுமே பார்த்திருந்த வீடுகளுக்குள் அன்றுதான் போனாள். ஓரிடத்தில் அப்பா மகளுக்குக் கோணல்மாணலாகச் சடை பின்னிக்கொண்டிருந்தார். இன்னோரிடத்தில் ஒருவன் பாதித் தூக்கத்தில் பல் தேய்த்தான். பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது.

போகும் வழியிலேயே அடித்துக் காட்டியதில் புதுச் சத்தம் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவள் ஹாரனைத் தொடாமல், இறங்கிப்போய்த்தான் கூப்பிட்டாள்.