நூலால் அளந்த லண்டன்

கப்பல் துறைமுகம் சேர்ந்த அன்றே மாலுமியின் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது அன்றைய கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தின் விதி. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அது பத்திரமாக இருந்தது.

இன்று என் மகள் சென்னையிலிருந்து லண்டனுக்குப் பறக்கிறாள். பதினோரு மணி நேரம் என்று கைப்பேசி ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. அப்பா மாலுமியாக லண்டனுக்குக் கப்பலேறியபோது, அதே போன்ற கோட்டை அம்மா என் பள்ளி அட்லஸில் வலை நூலால் போட்டாள். எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குத் தோணியில் ஒரு நாள். லண்டன் முப்பது கொழும்பு தூரம். ஆக, முப்பது நாள்.

முப்பத்தோராம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"கப்பல் பறந்தா போவுது? சூயஸ் கால்வாயை அடைச்சாச்சு, ஆப்பிரிக்காவைச் சுத்தணும்லா," என்று குமாஸ்தா சிரித்தார்.

வீட்டில் நூலை ஆப்பிரிக்காவைச் சுற்றி வைத்து மறுபடி அளந்தோம். அந்த நாள்களும் கடந்தன. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் தகவல் கேட்டு என்னை மனு எழுதச் சொன்னாள்.

"சுத்தி முடிச்சிருக்கும் அண்ணாச்சி. சுவத்துல எழுதுனதை நீங்களே படிங்க. மனு வாங்குனதுக்குச் சீல் குத்துங்க," என்று அம்மா குமாஸ்தாவிடம் மனுவை நீட்டினாள்.

குமாஸ்தா மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றார். மேலதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். ஒன்பதாம் நாள் சீல் விழுந்தது.

எஞ்சின் பழுதால் கப்பல் தாமதம், அப்பா நலம் என்ற தந்தியோடு குமாஸ்தாவே எங்கள் வாசலுக்கு வந்தது ஜூலை இருபத்தாறு, மாதா கோயில் கொடியேற்றத்தன்று.