முன்வரிசைக் கதிரை

ஞானமலரின் கையில் மீன் வெட்டுகிற கத்தி நிற்பதில்லை, தலையும் நிமிர்வதில்லை. வேலிக்கு அப்பால் பாடுகிறவளுக்குத் திருத்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. "மூச்சை ஏன் நடுவில விடுறாய், புனிதம்? அடி முடிஞ்சாப் பிறகு விடு. ஓம், அப்பிடி." வேலிக்கு அப்பால் புனிதம் கிழிந்த வலையைப் பொத்தியபடி திரும்பப் பாடுகிறாள். ஞானமலர் கத்திப் பிடியால் பலகையில் தாளம் போடுகிறார். ஆவணி பிறந்துவிட்டால் இந்தக் கரையில் கருவாடு காய்வதும் பாட்டுப் பழகுவதும் ஒன்றாகத்தான் நடக்கும்.

நாயாற்றுக்குப் பக்கத்தில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே இருக்கிற ஊர். மாதா திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை கோயில் முற்றத்தில் 'இன்னிசை மாலை' நடக்கும். அன்றைக்கு ஒரு வள்ளமும் இறங்காது. பாடுகிறவர்கள் நாற்பது பேர். பாட்டுத் தெரிவுசெய்வது, பழக்குவது, ஆர்மோனியம் வாசிப்பது, யாருடைய பிள்ளையை முன்னால் நிறுத்துவது என்கிற சண்டையைத் தீர்ப்பது எல்லாம் ஞானமலர் ஒருவர்தான். ஊருக்கு அவர் மலரக்கா.

ஐம்பத்தாறு வயது. முழங்கால் மழைக்கு முதலே மழையைச் சொல்லிவிடும். பகல் முழுக்கக் கருவாட்டோடு கிடந்துவிட்டுப் பின்னேரம் ஒத்திகைக்குப் போனால், இரவுக் கடலால் திரும்பி வந்த ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். பக்தி என்று யாரும் ஏமாற வேண்டாம், நித்திரைதான். "நிண்டுகொண்டு உறங்கிற சனத்துக்கு நான் என்னத்தைப் பழக்கிறது?" என்பார். ஒவ்வொரு வருடமும் விழா முடிந்த மறுநாள், "இதோட சரி. இனி என்னைக் கேக்கப்படாது" என்று சொல்வார். அவருடைய புருஷன் யோசெப் சுருட்டைப் பற்றவைத்தபடி, "போன வருசமும் இதைத்தான் சொன்னனீ" என்பார்.

இந்த வருடம், எண்பத்திரண்டில், அவர் அதை விழாவுக்கு முன்னமே சொன்னார். அதுவும் நேரே பாதிரியாரிடம் சொன்னார். "சுவாமி, இவ்வளவு காலமும் நான் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால இருந்துதான் கேட்டனான். ஒருக்கா முன்னால ஒரு கதிரையில இருந்து கேக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

புதிதாக வந்த சுவாமி இளையவர், நல்லவர். அந்த ஆசை அவருக்கு விளங்கியது. வவுனியாவில் இருந்த, சங்கீதம் படித்த அன்னபாக்கியம் ரீச்சரைப் பெட்டி வாசிக்க ஒழுங்கு செய்தார். கையோடு கோயில் ஆர்மோனியத்தையும் திருத்துவதற்கு அங்கே அனுப்பினார். இங்கேதான் வினை வந்தது.

அந்த ஆர்மோனியத்தின் கதையைச் சொல்ல வேண்டும். சூறாவளி அடித்த வருடம் கோயில் ஓடு பறந்து, பெட்டி இரண்டு நாள் மழையில் ஊறியது. மற்றக் கட்டைகள் எப்படியோ பிழைத்தன. நடுவில் இருந்த ஒரு கட்டை மட்டும் உள்ளே அமிழ்ந்துபோய் ஊமையாகிவிட்டது. திருத்த அந்தக் காலத்தில் யாரிடம் வசதி? பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது ஞானமலர் கீழ்க்கட்டையிலேயே ஒரு கணம் நிற்பார்; பிறகு ஊமைக் கட்டையைத் தாண்டி மேலே போவார். பள்ளம் விழுந்த ஒழுங்கையில் சைக்கிள்காரன் ஒதுங்கிப் போவானே, அப்படித்தான். சனம் பெட்டியைக் கேட்டுப் பழகியது. பிள்ளைகள் தாய்மாரைக் கேட்டுப் பழகின. பதினெட்டு வருடத்தில் அந்தச் சுற்றுப்பாதையே ராகமாகிவிட்டது. வெளியூர்க் கோயில்களுக்குப் போனால், "இஞ்ச எல்லாரும் பிழையாப் பாடுகினம்" என்று இந்தக் கரைச் சனம் சிரித்துவிட்டு வரும். ஏன் ஒதுங்கினோம் என்பது ஞானமலருக்கே மறந்துபோயிற்று.

விழா அன்று மத்தியான பஸ்ஸில் ரீச்சரும் ஆர்மோனியமும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். ஒத்திகைக்கு நேரமில்லை. "எல்லாக் கோயில்லயும் பாடுற பாட்டுகள்தானே, எனக்குத் தெரியும்" என்றார் ரீச்சர்.

ஐந்து மணிக்கு முற்றம் நிரம்பிவிட்டது. ஞானமலர் நீலச் சேலை உடுத்து, தலையை வாரி இறுக்கிக் கொண்டை போட்டு வந்தார். முன்வரிசையில் வெளியூர்ச் சுவாமிமாருக்குப் பக்கத்தில் சுவாமி தன் கையாலேயே ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். ஞானமலர் சும்மா இருந்து பழகாத பிறவி. கதிரையின் நுனியில்தான் இருந்தார். இடக்கை மடியில் துருத்தி அமுக்குவதுபோல அசைந்துகொண்டிருந்தது. மெல்ல மெல்ல முதுகு சாய்ந்தது. அந்த முகத்தில் அப்படி ஓர் ஆறுதலை ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

முதலாவது பாட்டின் இரண்டாம் அடி வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. மூன்றாம் அடியில் ஆர்மோனியம் ஒரு பக்கம் போக, நாற்பது தொண்டையும் மறுபக்கம் ஒதுங்கின. ரீச்சர் உரத்து அமுக்கினார். அவர்கள் அதைவிட உரத்துப் பாடினார்கள். கீழே இருந்த சனமும் தங்களுக்குத் தெரிந்த ராகத்தில் சேர்ந்துகொள்ள, ஊர் முழுக்க ஒரு பெட்டியோடு சண்டை பிடிப்பதுபோல ஆயிற்று. வெளியூர்ச் சுவாமி ஒருவர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். ரீச்சர் கையை எடுத்துவிட்டார். "ஆர் பிழையாப் பாடுறது?"

நாற்பது பேரும் முன்வரிசைக் கதிரையைப் பார்த்தார்கள்.

ஞானமலருக்கு அந்தக் கணத்தில்தான் அந்த ஊமைக் கட்டை நினைவுக்கு வந்து, எல்லாம் வெளித்தது. வெட்கம் கழுத்தடியில் சூடாக ஏறியது. அதைவிடப் பெரிதாக ஒரு களைப்பும் வந்தது. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு மனம் கேட்டது. யாராவது எப்படியாவது பாடித் தொலைக்கட்டும். ஆனால் புனிதத்தின் கண் கலங்கியிருந்தது. கதிரைக் கையைப் பிடித்து, முழங்காலை ஒரு திட்டுத் திட்டிவிட்டு எழும்பினார்.

மேடையில் ரீச்சரின் காதுக்கருகே குனிந்தார். "பிழை உங்களில இல்லைப் பிள்ளை. இதுகளிலயும் இல்லை. நான்தான் பிழையாப் பழக்கிப்போட்டன்."

"அப்ப சரியாச் சொல்லிக் குடுக்கலாம்தானே, அம்மா?"

"இண்டைக்கோ?" என்றார் ஞானமலர்.

ரீச்சர் எழும்பி இடம் விட்டார். கீழே, நின்றுகொண்டிருந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைச் சுவாமி அந்தக் கதிரையில் இருத்தினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞானமலர் அதைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் சம்மணம் கொட்டினார்.

கட்டைகளில் விரலை வைத்ததும் திகைத்துப்போனார். உள்ளே அமிழ்ந்திருந்த அந்தக் கட்டையின் பள்ளம்தான் இத்தனை வருடமும் அவருடைய விரலுக்கு அடையாளம். இப்போது எல்லாம் ஒரே மட்டமாகப் பளபளத்தன. ஒருமுறை தடவினார், இரண்டாம் முறையும் தடவினார். விரல் வழி தவறியது. திருத்திய கட்டையைத் தெரியாமல் அமுக்க, அது கணீரென்று சத்தம் போட்டது. நாற்பது பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றார்கள்.

ஞானமலர் கையை உயர்த்திக் கொண்டையில் இருந்த ஒற்றை ஊசியை உருவினார். அதை வளைத்து, அந்தக் கட்டையின் கீழ் இடுக்கில் இறுக்கிச் செருகினார். அமுக்கிப் பார்த்தார், அது அசையவில்லை; பழையபடி ஊமை. பிறகு இடக்கையைத் துருத்தியிலும் வலக்கையைக் கட்டைகளிலும் வைத்துப் பாட்டை எடுத்துக் கொடுத்தார். கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. அதை ஒதுக்க அவரிடம் ஒரு கை மிச்சமிருக்கவில்லை.